பரலின் மூடியை இறுக்குவதற்கு முன்

கேள்வி: மட்டக்குளியில் மாமாவின் பைபர் வேலைத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். படகு திருத்துவது, தண்ணீர்த் தாங்கி செய்வது எல்லாம் நடக்கும். விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு, பைபர் வேலைக்குப் பூசும் ரெசின் பசையை இளக்குவதற்காக ஜனவரியில் 200 லீற்றர் ஸ்டைரீன் பரல் மூன்றை ஒன்றாக வாங்கிப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் வைத்தோம். ஒன்றில் பாதி எடுத்துவிட்டோம். மற்ற இரண்டும் உடைக்கவில்லை. இப்போது சித்திரை வெயிலில் உடைக்காத ஒரு பரலின் மேற்பக்கம் உப்பியிருக்கிறது. காற்றுப் படுவதால்தான் சாமான் தடிக்கிறது, மூடியை இறுக்கி டேப் சுற்று என்கிறார் மாமா. நைதரசன் அடித்து வை என்கிறார் ஒரு நண்பர். உள்ளே இருக்கும் தடுப்பு மருந்தைக் கழுவி எடுத்தால் வேலை கெதியாக இறுகும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். யாரை நம்புவது? இன்னொன்று, வெள்ளவத்தையில் செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் தங்கை அங்கே பாவிக்கும் திரவப் போத்தல் ஒன்றை வீட்டு பிரிட்ஜில் வைத்திருக்கிறாள். அது பரவாயில்லையா?

பதில்:

தம்பி, மற்றக் கேள்விகள் நாளைக்கும் பொறுக்கும், அந்த உப்பிய பரல் பொறுக்காது. அதை முதலில் பார்ப்போம்.

அதைத் திறக்க வேண்டாம், உருட்ட வேண்டாம், மூடியை இறுக்கவும் வேண்டாம். நாளை விடியற்காலை, வெயில் கொட்டிலில் விழுவதற்கு முன், மூன்று பரல்களின் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குத் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானி போதும். கொவிட் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தது உதவாது, அது உடம்புச் சூட்டின் எல்லைக்கு வெளியே ஒழுங்காகக் காட்டாது. வாகனம், குளிரூட்டி திருத்துபவர்கள் வைத்திருப்பதை ஒரு காலைக்கு இரவல் வாங்குங்கள். பெயின்ற் அடித்த பக்கத்தில், மூன்று பரலிலும் ஒரே உயரத்தில், கொஞ்சம் தள்ளி நின்று பிடியுங்கள். மினுங்கும் தகரத்தில் பிடித்தால் பிழையாகக் காட்டும்.

விடியற்காலையில் உப்பல் இறங்கி, வெப்பநிலையும் மற்றப் பரல்களைப் போலவே இருந்தால், பகல் வெயிலில் உள்ளே ஆவியும் காற்றும் விரிந்ததுதான் காரணம். அன்றைக்கே மூன்றையும் நிழலுக்கு மாற்றுங்கள். உப்பல் இறங்காமல் பரல் மட்டும் ஆறியிருந்தால், விற்றவரை வரவழைத்துக் காட்டுங்கள். அவர் பார்க்கும்வரை கை வைக்காதீர்கள். இரவு முழுவதும் நிழலில் நின்ற பரல் மற்ற இரண்டையும்விடச் சூடாக இருந்தால் கதை வேறு. உள்ளே ஸ்டைரீன் தன்பாட்டில் இறுகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே எல்லோரையும் வெளியே எடுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள், 110க்கு அடித்துத் தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். பரலின் லேபலில் 2055 என்ற எண் இருக்கும். தன்பாட்டில் இறுகாமல் தடுக்கும் மருந்து, அதாவது தடுப்பான், சேர்த்த ஸ்டைரீனுக்கு உலகம் முழுவதும் அந்த எண்தான். "ஸ்டைரீன், இரண்டு பூச்சியம் ஐந்து ஐந்து, பரல் சூடாகிறது" என்று சொன்னால் வருபவர்களுக்கு விளங்கும். பக்கத்தில் போய் மூடியைத் தளர்த்தி ஆவியை விடப் பார்ப்பதுதான் ஆட்கள் செய்யும் மிக ஆபத்தான வேலை.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன்? ஸ்டைரீன், பல் வேலைக்கு எடுக்கும் மெதைல் மெதாக்ரிலேற்று எல்லாம் மோனமர்கள், பள்ளிக்கூடத்தில் ஒருபகுதியம் என்று படித்தது. தின்னர் போத்தலில் இருக்கும்வரை தின்னர்தான். இவை அப்படி இல்லை. ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்ள எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒவ்வொரு கோர்வையிலும் சூடு வெளியாகிறது, அந்தச் சூடு அடுத்த கோர்வையை விரைவாக்குகிறது. ஸ்டைரீன் 145 பாகையில் கொதிக்கும். வெளியாகும் சூடு முழுவதும் உள்ளேயே அடைபட்டால் அதன் வெப்பநிலையை 300 பாகை அளவுக்கு உயர்த்தப் போதும். அதற்குப் பிறகு பரல் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிழலில் தனியாக நிற்கும் ஒரு பரல் சும்மா வெடித்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சின்னப் பாத்திரத்தின் சூடு தகரத்தால் வெளியே போய்விடும். பெரிய தாங்கிக்கு அந்த வசதி குறைவு. வெயில் விழும் சுவரோடு நெருக்கி அடுக்கிய பரல்களுக்கும் அப்படித்தான், சூடு உள்ளேயே நிற்கும். உங்கள் கொட்டில் இந்த இரண்டாவது வகையில் சேர்கிறது.

சரி, இனி மாமாவின் கருத்துக்கு வருவோம். தேங்காய் எண்ணெய்க்கும் பெயின்றுக்கும் அவர் சொல்வது சரி, காற்றுப் பட்டால் பழுதாகும். ஸ்டைரீனுக்கு அது நேர்மாறு. அதைத் தூங்க வைப்பதற்கென்று தொழிற்சாலையிலேயே டிபிசி என்ற தடுப்பானைச் சேர்த்து அனுப்புகிறார்கள், பத்து இலட்சத்தில் 10 முதல் 15 பங்கு, அவ்வளவுதான். இந்த டிபிசி தனியாக வேலை செய்யாது. திரவத்தில் கரைந்திருக்கும் ஒட்சிசன் துணைக்கு வேண்டும். ஒட்சிசன் தீர்ந்தால், டிபிசி மிச்சம் இருந்தும் காவல் இல்லை. அதனால்தான் பரலை விளிம்புவரை நிரப்புவதில்லை. மேலே விட்டிருக்கும் அந்த இடத்தில் இருப்பது வெறும் காற்றென்று அலட்சியமாக நினைக்காதீர்கள், அது மருந்தின் பாதி.

நண்பரின் நைதரசன் யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தீப்பற்றும் பல திரவங்களை நைதரசனால் மூடுவது பெரிய தொழிற்சாலைகளில் வழக்கம். உங்கள் பரலில் அதைச் செய்தால் தடுப்பானின் துணையைத் துரத்திவிட்டு மூடியை இறுக்குகிறீர்கள். செய்யவே கூடாது. அதற்காக மூடியைத் திறந்து வைப்பதும் விடையல்ல. ஆவி வெளியேறும், அது தீப்பற்றும். விற்பவர் தந்த மாதிரி, மேலே இடம் விட்டு, சாதாரணமாக மூடி வையுங்கள். டேப் எதுவும் வேண்டாம்.

காற்றைப் போலவே சூடும் முக்கியம். இதற்கு ஸ்டைரீன் தயாரிப்பவர்களே ஓர் அட்டவணை தருகிறார்கள். 12 பங்கு டிபிசியும் போதிய ஒட்சிசனும் இருக்கும்போது ஸ்டைரீன் 15 பாகை அளவில் 6 மாதம் தாங்கும். 29 பாகையில் 3 மாதம். 43 பாகையில் 8 முதல் 12 நாள்! ஒட்சிசன் குறைந்துவிட்டால் அந்த 29 பாகையில் 4, 5 நாள்தான், 43 பாகையில் ஒரு நாள்கூட இல்லை. கொழும்பில் நிழலிலேயே பகலில் 30, 31 பாகை. தகரக் கொட்டிலுக்குள் சித்திரை மத்தியானத்தில் அதைவிட எவ்வளவோ கூட. ஜனவரியில் வாங்கிய பரல் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதிலும் ஜனவரி என்பது நீங்கள் வாங்கிய மாதம். பரலில் அச்சிட்ட உற்பத்தித் திகதி எத்தனை மாதம் பின்னால் போகிறது, கப்பலிலும் துறைமுகத்துக் கொள்கலனிலும் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். 2012 ஜூலையில் எம்எஸ்சி பிளமினியா என்ற கப்பல் அத்திலாந்திக் நடுக்கடலில் வெடித்து 3 மாலுமிகள் இறந்தார்கள். காரணமான சரக்கு ஸ்டைரீனின் உறவுக்காரத் திரவமான டைவினைல்பென்சீன். அதுவும் டிபிசி சேர்த்ததுதான். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சில் கோடை வெயிலில் நாள்கணக்காகக் கிடந்த பிறகுதான் கப்பலில் ஏறியது.

விசாகப்பட்டினத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 மே 7 அதிகாலை, கொரோனா முடக்கத்தால் மூடிக் கிடந்த ஆலையின் ஸ்டைரீன் தாங்கி தானாகச் சூடாகி ஆவியைக் கக்கியது. தூங்கிக்கொண்டிருந்த ஊர்ச்சனங்களில் 12 பேர் இறந்தார்கள். விசாரணையில் வந்த ஒரு விடயம் என் மனதில் நிற்கிறது. வெப்பமானி தாங்கியின் அடியில் இருந்தது. அடியில் குளிர், மேலே சூடு. மேலே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அசையாமல் நிற்கும் திரவத்தில் சூடானது மேலே ஏறி அங்கேயே தங்கும். உங்கள் பரலின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஆறித்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள்.

அப்படியானால் எங்கே வைப்பது? குளிரூட்டிய அறை நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் போனது மறந்துவிடவில்லையே. அறைக்குள் பொருத்தும் சாதாரண ஏசியில் பொறி வரும் இடங்களும் உண்டு. உங்கள் அளவுக்குச் சுவர் எழுப்பிய, ஓட்டுக்கூரை போட்ட, கிழக்கு மேற்கு வெயில் படாத அறை போதும். தரையோடு ஒட்டிக் காற்றுத் துளை வேண்டும், ஏனென்றால் ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு பாரம், கீழேதான் ஓடும். கான் இருந்தால் அதற்குள் இறங்கிப் பக்கத்து வளவுவரை போகும். தகரத்தை மாற்ற இப்போதைக்கு வழியில்லை என்றால் வெள்ளை பெயின்ற் அடித்து, உள்ளே ஒரு தட்டி கட்டி, இரண்டுக்கும் நடுவே காற்றோட விடுங்கள். களனி ஆறு பெருகினால் உங்கள் பக்கம் தண்ணீர் ஏறும் என்பதால் பரல்களைத் திண்ணை போட்டு உயர்த்தி வைப்பதும் நல்லது, மிதக்கும் பரல் எங்கே போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது.

இதைவிட மலிவான வழி, குறைய வாங்குவது. ரெசினுக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்டைரீன் இருக்கிறது. இளக்க நீங்கள் சேர்ப்பது நூற்றுக்குச் சில பங்குதான் இருக்க வேண்டும், கூடினால் வேலை சுருங்கும், கீறல் விழும், தண்ணீர்த் தாங்கியில் மணம் போகாது. அதற்கு அரைத் தொன்னுக்கு மேல் எதற்கு? விலை ஏறும் என்று சீனி வாங்கி வைப்பது வேறு. 20 லீற்றர் தகரத்தில் வாங்குங்கள், கூடக் கொடுப்பது பரவாயில்லை. பரல் வாங்கத்தான் வேண்டும் என்றால் தந்த நாளையும் உற்பத்தித் திகதியையும் பெயின்றால் பெரிதாக எழுதி, பழையதை முதலில் முடியுங்கள்.

நெருப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஸ்டைரீனின் பற்றுநிலை 31, 32 பாகை. அதாவது கொழும்பு மத்தியான வெயிலில் திறந்த பரலின் வாயில் பற்றக்கூடிய ஆவி எப்போதும் நிற்கும். இங்கே சின்ன வேலைத்தளங்களுக்குள் போனால் சுவரில் பிள்ளையார் படம், அதன் முன்னால் வெள்ளிக்கிழமை விளக்கு, ஊதுபத்தி. அதற்கு நேர் கீழே ரெசின் வாளி. பிள்ளையாரை முன் அறைக்கு எழுந்தருளப் பண்ணுங்கள், கோபிக்கமாட்டார். வெல்டிங், அரைக்கும் மெஷின், பீடி, எல்லாம் அந்தப் பக்கமே.

பரலிலிருந்து எடுக்கும் விதத்தையும் பாருங்கள். பல இடங்களில் பரலைப் படுக்கவைத்து ஒரு பித்தளைப் பைப் பூட்டியிருப்பார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு கரைந்து ஸ்டைரீனுக்கு நிறம் ஏற்றும், தடுப்பானையும் தின்னும். இரும்பு அல்லது கறைபடியா உருக்கு பைப் போடுங்கள். சாதாரண இறப்பர் வாஷர் ஊதிப் போய் ஒழுகும். ஸ்டைரீன் குழாயில் ஓடும்போதே நிலைமின் சேரும், பிளாஸ்ரிக் வாளிக்குள் விட்டால் அது போக வழியில்லை. உலோக வாளி எடுத்து, பரலுக்கும் வாளிக்கும் இடையே ஒரு கம்பியை இரண்டு பக்கமும் பெயின்ற் சுரண்டிய இடத்தில் கிளிப் போட்டுத் தொடுத்து, பரலிலிருந்து இன்னொரு கம்பியை நிலத்துக்கு இறக்குங்கள். வெளியே தொடுக்கும் கம்பி செம்பாக இருப்பதில் குற்றமில்லை. மூடியைக் காலையில், சின்ன மூடியிலிருந்து, கால் திருப்பு திருப்பிச் சீறல் அடங்கும்வரை நின்றுவிட்டுத் திறவுங்கள். எடுத்து மிஞ்சியதைத் திரும்பப் பரலுக்குள் ஊற்றாதீர்கள். வாளியில் ஒட்டியிருந்த, ரெசினை இறுக வைக்கும் ஹாட்னர் துளி ஒன்று போதும், முழுப் பரலும் போய்விடும்.

பாதிப் பரலில் இருப்பது நல்லதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்தப் பரல் மற்றவற்றைவிடச் சூடாக இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் செய்யுங்கள். தெளிந்த கண்ணாடிப் போத்தலில் பத்துப் பங்கு மெதனோலுக்கு ஒரு பங்கு ஸ்டைரீன் விட்டுக் குலுக்குங்கள். தெளிவாக நின்றால் நல்லது. பால் போலக் கலங்கினால் இறுகிய சங்கிலிகள் உள்ளே சேரத் தொடங்கிவிட்டன. அது மெதனோலில் கரையாது, அதுதான் கலங்கல். மெதனோல் நஞ்சு, தீயும் பற்றும், ஆகவே வெளியே வைத்துச் செய்யுங்கள். கலங்கிய சாமானை ரெசினில் கலக்கிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். கானில் ஊற்றவும் கூடாது. விற்றவர் திருப்பி எடுக்காவிட்டால், அபாயக் கழிவு சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

யூடியூப் விடயம். தடுப்பானைக் கழுவி எடுப்பது ஆய்வுகூடத்தில் செய்கிறார்கள், உண்மைதான். அங்கே சில நூறு மில்லிலீற்றர் எடுத்து, அன்றைக்கே பாவித்து முடித்துவிடுவார்கள். உங்களுக்கு அதில் ஒரு சதமும் இலாபமில்லை. ரெசினில் ஊற்றும் ஹாட்னர் அந்தச் சொற்பத் தடுப்பானைச் சில நிமிடத்தில் தின்றுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. இறுக நேரம் எடுக்கிறது என்றால் ஹாட்னர் பழையதா, இறுகலை விரைவாக்கச் சேர்க்கும் கோபால்ட் குறைவா, காலை ஈரமா என்று பாருங்கள்.

ஹாட்னரையும் கோபால்ட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்து, பிறகுதான் ஹாட்னர். கண்ணில் ஹாட்னர் தெறித்தால் அந்த இடத்திலேயே 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே 1990க்கு அடியுங்கள். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் பார்வை போகும் ஆபத்துக் கூடும்.

கையுறையும் முகக்கவசமும் உங்கள் பையன்கள் போடுகிறார்களா என்று எழுதவில்லை. மெல்லிய லேட்டெக்ஸ் கையுறையை ஸ்டைரீன் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், போட்டதால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைதான் மிச்சம். துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் ஆவிக்கு ஒன்றும் செய்யாது, சேதன ஆவிக்கான வடிகட்டி பூட்டிய முகக்கவசம் வேண்டும். மணம் தெரியாமல் போனால் ஆவி குறைந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், மூக்குப் பழகிவிடும். சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியது. ஒரு நாள் மணத்தால் பயமில்லை, வருடக்கணக்காக அதற்குள் நிற்பவர்களுக்குத்தான் கணக்கு.

கடைசியாகத் தங்கையின் போத்தல். மெதைல் மெதாக்ரிலேற்று 10 பாகையிலேயே பற்றும். வீட்டு பிரிட்ஜின் உள்ளே தேமோஸ்ற்றாற்று, கதவு லைற் சுவிச்சு இரண்டிலும் சின்னப் பொறி வரலாம். மூடி கசிந்தால் ஆவி அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே சேரும். அதோடு சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. இன்றைக்கே வெளியே எடுங்கள். வந்த கபில நிறப் போத்தலிலேயே, நிறமில்லாத போத்தலுக்கு மாற்றாமல், வெளிச்சமும் அடுப்பும் இல்லாத ஆறிய அலுமாரியில் நிமிர்த்தி வைக்கலாம். அதுவும் நாளைக்கு வேலைக்குப் போகும்வரைதான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே லாபுக்குத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், அங்கே இதற்கென்று ஒரு அலுமாரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலாளியிடம் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

விடியற்காலை வெப்பநிலை மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு விற்றவருக்குக் கோல் பண்ணுங்கள். அவரும் முதலில் அதைத்தான் கேட்பார்.